இறக்குமதி கூடுகிறது என்று வீட்டை அடமானம் வைக்கலாமா?

ராணிப்பேட்டையிலிருந்து வந்த நீண்ட கடிதம் இது. எழுதியவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி சில விவரங்களை மாற்றிச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வாசகருக்கு வயது 31. வேதியியல் பட்டதாரி. அவருடைய தந்தை பல ஆண்டுகளாகத் தோல் பதனிடும் ரசாயனங்களை விற்கும் கடை நடத்துகிறார். பெரிய நிறுவனம் ஒன்றின் ஏஜென்சி அவரிடம் இருக்கிறது. மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகள்தான் வாடிக்கையாளர்கள். மகனுக்கு இந்தக் கமிஷன் வியாபாரம் போதவில்லை. சென்னையில் இருக்கும் மாமா மகன் ஒரு வரைபடத்தை அனுப்பியிருக்கிறார். இந்தியாவின் சிறப்பு ரசாயன இறக்குமதி ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போவதைக் காட்டும் கோடு அது. "இவ்வளவு இறக்குமதி நடக்கும்போது நாம் மட்டும் ஏன் இன்னொருவரிடம் வாங்கி விற்க வேண்டும்?" என்பது வாசகரின் கேள்வி.

சீனாவிலிருந்து ஒரு விற்பனையாளரும் கிடைத்துவிட்டார். ஒரு கன்டெய்னர் சின்டான் (செயற்கைப் பதனிடு பொருள்), ஒரு கன்டெய்னர் குரோம் பவுடர், இரண்டும் சேர்த்து 40 டன். சென்னைத் துறைமுகம் வரை சராசரியாக டன்னுக்கு 1,000 டாலர். டாலருக்கு 90 ரூபாய் வைத்து 36 லட்சம், 7.5% சுங்க வரி சேர்த்து 38 லட்சத்து 70 ஆயிரம் என்று கணக்கிட்டு, வாலாஜாபேட்டையில் அம்மா பெயரில் உள்ள வீட்டை வைத்து 40 லட்சம் கடன் கேட்டிருக்கிறார். அம்மா கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பில்லில் டன்னுக்கு 700 டாலர் என்று குறைத்துப் போட்டுத் தருவதாக விற்பனையாளர் சொல்கிறார். 30% முன்பணத்தை மாத முடிவுக்குள் சென்னை பாரிமுனையில் உள்ள ஒருவரிடம் ரூபாயாகவே கொடுத்துவிடலாம் என்றும் சொல்கிறார். கடைக்கு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனம்) பதிவு இருப்பதால் டேனரிகள் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும், ஆகவே கடனை அடைப்பது எளிது என்று வாசகர் நம்புகிறார். இதில் இறங்கலாமா, சட்டச் சிக்கல் வருமா என்று கேட்கிறார்.

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் பாரிமுனைப் பணம். அதைக் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். இது ஒன்று மட்டும் இன்றே முடிவாக வேண்டியது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இறக்குமதி செய்வது நீங்கள் நினைப்பதைப் போலப் பெரிய மனிதர்களுக்கு மட்டுமே உரிய வேலையல்ல. உங்களுக்கு வேதியியல் தெரியும், டேனரிகளில் முகம் தெரியும். அந்த ஆசையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் இறக்குமதிக் கோடு ஏறுவதைப் பார்த்து ஒரு கடை தன் முடிவை எடுக்க முடியாது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அதுதான்.

எது கூடுகிறது, யாருக்குக் கூடுகிறது

இந்தியா ரசாயனங்களை ஏற்றுமதி செய்வதைவிட அதிகமாக இறக்குமதி செய்கிற நாடு என்பது உண்மை. 2023-ல் இந்த வர்த்தகப் பற்றாக்குறை 3,100 கோடி டாலர் என்று நிதி ஆயோக் 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. சீனாதான் முதன்மையான மூலம் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பெருந்தொகையில் பெரும்பகுதி மருந்து மூலப்பொருள்கள், கரிம வேதிப்பொருள்கள், பிளாஸ்டிக் மூலப்பொருள்கள். தோல் ரசாயனங்கள் அதில் ஒரு சிறு மூலை. மாமா மகன் அனுப்பிய கோடு ஹைதராபாத் மருந்து ஆலைகளின் கதையாக இருக்கலாம். பேரணாம்பட்டு டேனரிகளின் கதையாக அது இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

அடுத்து, அந்தக் கோடு டாலர் மதிப்பில் போடப்பட்டதா, டன் கணக்கில் போடப்பட்டதா என்று பார்த்தீர்களா? கடந்த பத்தாண்டுகளில் இந்த வேறுபாடு பலரை ஏமாற்றியிருக்கிறது. 2015 ஆகஸ்டில் சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கில் ரசாயனங்கள் வெடித்து 173 பேர் இறந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் சீன அரசு சுற்றுச்சூழல் சோதனைகளை முடுக்கிவிட்டு ஏராளமான ஆலைகளை மூடியது. 2019 மார்ச்சில் சியாங்சுய் ரசாயனப் பூங்காவில் மீண்டும் ஒரு வெடிப்பு, 78 உயிர்கள். சரக்கு குறைந்து விலை ஏறியது. பிறகு பெருந்தொற்று. 2021-ல் கன்டெய்னர் வாடகை கண்மண் தெரியாமல் உயர்ந்தது. 2022-ல் உக்ரைன் போரால் ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறி, அங்கிருந்து வரும் ரசாயனங்களின் விலையும் ஏறியது. 2023-ல் நிலைமை தலைகீழ். சீனாவில் புதிதாகக் கட்டிய ஆலைகளின் உற்பத்தி வெளிநாட்டுச் சந்தைகளில் குவிந்து விலை சரிந்தது. மதிப்பில் போட்ட கோடு இந்த ஏற்ற இறக்கங்களையெல்லாம் விழுங்கிக்கொண்டு, ஏதோ தேவை கூடியும் குறைந்தும் போனதைப் போலக் காட்டும். அதிக விலைக்கு வாங்கிக் கிடங்கில் வைத்திருந்தவர்கள் 2023-ல் பட்ட பாடு அந்தக் கோட்டில் தெரியாது.

நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. மத்திய வர்த்தக அமைச்சகம் எட்டு இலக்கக் குறியீடு வாரியாக, நாடு வாரியாக இறக்குமதி விவரங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. சின்டான் வரும் 3202 என்ற தலைப்பை எடுங்கள். ஐந்து ஆண்டுகளின் மதிப்பை அளவால் வகுத்துப் பாருங்கள். கிலோவுக்குச் சராசரி விலை என்ன, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். உங்கள் விற்பனையாளர் சொல்லும் விலை அந்தச் சராசரியைவிட மிகக் குறைவாக இருந்தால், அது நல்ல பேரமா அல்லது பொருளில் சத்தே இல்லையா என்ற கேள்வி எழ வேண்டும்.

இன்னொன்று. சிறப்பு ரசாயனங்களில் கணிசமான பகுதியைக் கொண்டுவருபவை பன்னாட்டு நிறுவனங்களின் இந்தியக் கிளைகள். தங்கள் தாய் நிறுவனத்திடமிருந்தே வாங்கிக்கொள்கின்றன. தோல் ரசாயனத் துறை கடந்த சில ஆண்டுகளில் ஒருசிலரின் கைக்குள் சுருங்கியும் விட்டது. பி.ஏ.எஸ்.எஃப். தன் தோல் ரசாயனப் பிரிவை 2017-ல் ஸ்டால் நிறுவனத்தோடு இணைத்தது. லான்க்சஸ் தன் கரிமத் தோல் ரசாயனப் பிரிவை 2021-ல் டி.எஃப்.எல். நிறுவனத்துக்கு விற்றது. இவர்கள் பொருளோடு சேர்த்து, பதனிடும் டிரம்மின் பக்கத்தில் நின்று தோலைத் தொட்டுப் பார்த்து அளவு சொல்லும் டெக்னீஷியனையும் அனுப்புகிறார்கள். டேனரிக்காரர் விலை கொடுப்பது பெருமளவு அந்த ஆளுக்காகத்தான். உங்கள் அப்பாவின் கடைக்கு இத்தனை காலம் வாடிக்கையாளர்கள் நிலைத்திருப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

குரோம் பவுடர் வேண்டாம் என்பேன்

சின்டானையும் குரோம் பவுடரையும் ஒரே வகையாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வியாபாரத் தன்மையே வேறு. குரோம் பவுடர், அதாவது பேசிக் குரோமியம் சல்ஃபேட், எங்கே வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். குரோமியம் ஆக்சைடு 25 விழுக்காட்டை ஒட்டி, பேசிசிட்டி (காரத்தன்மை அளவு) 33 விழுக்காடு. இதில் போட்டி முழுக்க விலையில். உலக அளவில் துருக்கியின் கிரோம்சான் போன்ற பெரும் ஆலைகள் இருக்கின்றன. இந்தியாவிலேயே ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் குரோமைட் தாது கிடைக்கிறது, விசாகப்பட்டினத்தில் விஷ்ணு கெமிக்கல்ஸ் குரோமியச் சேர்மங்களைத் தயாரிக்கிறது. இவர்களோடு ஒற்றைக் கன்டெய்னரை வைத்துக்கொண்டு விலையில் மோத உங்களால் முடியாது.

தேவையும் திசை மாறிக்கொண்டிருக்கிறது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் வெட் புளூ தோலுக்கு (குரோமில் பதனிட்ட, ஈரம் காயாத நீலநிறத் தோல்) இருந்த 10% அடிப்படைச் சுங்க வரி முழுவதுமாக நீக்கப்பட்டது. கிரஸ்ட் தோல் (பதனிட்டு உலர்த்திய, ஃபினிஷிங் செய்யாத தோல்) ஏற்றுமதிக்கு இருந்த 20% வரியும் அதே பட்ஜெட்டில் போனது. இதன் பொருளை ரசாயனக் கடைக்காரரின் கண்ணால் பாருங்கள். பச்சைத் தோலை வாங்கிப் பதனிட்டால், சுண்ணாம்பு நீக்கிய தோலின் எடையில் 8 விழுக்காடு அளவுக்குக் குரோம் பவுடர் செலவாகும். வெட் புளூவாகவே வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினால் அந்தக் குரோம் ஏற்கெனவே அயல்நாட்டில் ஏறிவிட்டது. இங்கே அதற்குத் தேவைப்படுவது மறுபதனிடலுக்கான சின்டான், ஃபேட்லிக்கர் (தோலுக்கு எண்ணெய் ஏற்றும் கலவை), சாயம், ஃபினிஷிங் சரக்குகள். வெட் புளூ இறக்குமதி கூடக் கூடக் குரோமின் பங்கு குறைந்து, பிந்தைய கட்ட ரசாயனங்களின் பங்கு கூடும். உங்கள் கன்டெய்னர்களில் ஒன்று குறையும் பக்கத்தில் இருக்கிறது.

நம் மாவட்டங்களில் குரோமுக்கு வேறொரு எல்லையும் உண்டு. சிப்காட் பக்கம் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, ஆலை மூடி முப்பது ஆண்டுகள் ஆகியும் நிலத்தடி நீரில் கசிந்துகொண்டிருக்கிறது. "நான் வாங்கி விற்பவன் மட்டுமே, மாசு என் தலைவலி அல்ல" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி என்னை வருத்தியது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய முக்கியத் தீர்ப்புகளில் ஒன்று, டேனரி மாசை எதிர்த்த நம் வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்ததுதான். 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் கடுமையான உத்தரவுகளைப் பிறப்பித்தது. இந்த உத்தரவுகள் நேரடியாக வியாபாரியை நோக்கியவை அல்ல என்பது சரி. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் ஒரு நாளில் எவ்வளவு தோல் போடலாம் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவும் தீர்மானிக்கின்றன. அதற்கு மேல் அவர் உங்களிடம் வாங்க மாட்டார், நீங்கள் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். கூடுதலாக, நீங்கள் கொண்டுவரும் பொருள் அபாயகர ரசாயனங்களின் பட்டியலில் இருந்தால், 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி இறக்குமதிக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டிய பொறுப்பும், பாதுகாப்பாகச் சேமித்து வைக்கும் பொறுப்பும் உங்களுடையவை.

சுங்கத்தில் பொருளுக்குப் பெயர் வைப்பது

விற்பனையாளர் அனுப்பிய விலைப்பட்டியலின் நகலைப் பார்த்தேன். "தோல் துணைப்பொருள், வெள்ளைத் தூள்" என்பதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை. இதை வைத்துக்கொண்டு சுங்கத்துறையின் முன் நிற்க முடியாது. தனித்த, வரையறுத்த வேதிச் சேர்மம் என்றால் சுங்க வரி அட்டவணையின் அத்தியாயம் 28 அல்லது 29. செயற்கைப் பதனிடு பொருள் என்றால் 3202. சாயம் 3204. தோலுக்கு எண்ணெய் ஏற்றும் கலவை 3403. ஃபினிஷிங் கலவை 3809. சின்டான் என்ற பெயரில் விற்கப்படுவது உண்மையில் அக்ரிலிக் பாலிமராக இருந்தால் அது 3906-க்குப் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் வரியும் நிபந்தனையும் மாறக்கூடும்.

2023 முதல் ரசாயன இறக்குமதிப் பத்திரங்களில் உட்பொருளின் சி.ஏ.எஸ். எண்ணையும் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய உலகப் பொது அடையாள எண்) வேதிப்பெயரையும் சுங்க வாரியம் கேட்கிறது. அந்த எண் இல்லாத பொருளுக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் அதிகாரி மாதிரி எடுத்துச் சுங்க ஆய்வகத்துக்கு அனுப்புவார். முடிவு வரும்வரை சரக்கு துறைமுகக் கிடங்கில் நிற்கும், வாடகை நாள்தோறும் ஏறும். தற்காலிக மதிப்பீட்டில் சரக்கை எடுக்க வழி உண்டு என்றாலும் அதற்குப் பிணைப்பத்திரமும் பாதுகாப்புத் தொகையும் கேட்பார்கள்.

இந்திய தரநிலைகள் பணியகத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆணைகளையும் பாருங்கள். அசிட்டிக் அமிலம், மெத்தனால், அனிலின் போன்றவற்றுக்கு 2019-ல் இத்தகைய ஆணைகள் வந்தன. ஆணை நடப்பில் உள்ள பொருளை, அந்த வெளிநாட்டு ஆலைக்கே பணியகத்தின் உரிமம் இல்லாமல் இங்கே இறக்க முடியாது. 2025 நவம்பரில் பாலிமர், இழை மூலப்பொருள் சார்ந்த 14 ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. பட்டியல் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால் ஆர்டர் போடும் நாளில் பார்ப்பதுதான் கணக்கு.

எந்தத் தலைப்பு என்பதில் ஐயம் இருந்தால், இறக்குமதிக்கு முன்பே சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. மூன்று மாதங்களில் தீர்ப்பு தர வேண்டும் என்பது சட்டம். சிறு வியாபாரிகள் இதை அதிகம் பயன்படுத்துவதில்லை. ஒரே பொருளைத் தொடர்ந்து கொண்டுவரப் போகிறவருக்கு இதைவிட நல்ல கவசம் கிடையாது.

குறைத்துப் போட்ட பில்

"எல்லோரும் செய்வதுதான்" என்று விற்பனையாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டம் பிறகு, முதலில் லாபக் கணக்கையே பாருங்கள். டன்னுக்கு 300 டாலர் மறைத்தால் 40 டன்னுக்கு 12,000 டாலர், அதாவது 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதன்மேல் சுங்க வரியும் சமூக நல மேல்வரியும் சேர்ந்து 8.25%, அதாவது 89,100 ரூபாய். ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதியின்போது கட்டும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) எப்படியும் உள்ளீட்டு வரவாகத் திரும்ப வருவது என்பதால் அதில் மிச்சம் கிடையாது. ஆக உங்களுக்கு மிச்சமாவது 89,100. அதே சமயம் உங்கள் கணக்குப் புத்தகத்தில் கொள்முதல் விலை 10 லட்சத்து 80 ஆயிரம் குறைவாகத் தெரிவதால், இல்லாத லாபத்துக்கு வருமான வரி கட்டுவீர்கள். கப்பலில் சரக்கு நனைந்து போனால் காப்பீடும் 700 டாலர் கணக்கில்தான் வரும். 

இப்போது பாரிமுனைக்கு வருகிறேன். மறைக்கப்படும் தொகை மொத்த விலையில் 30%. அவர் கேட்கும் முன்பணமும் சரியாக 30%. கவனித்தீர்களா? ரொக்கமாகக் கொடுக்கச் சொல்லும் அந்த 10 லட்சத்து 80 ஆயிரத்துக்கு எந்தப் பில்லிலும் இடமில்லை. சரக்கு வராவிட்டாலும், வந்தது சுண்ணாம்புத் தூளாக இருந்தாலும், அந்தப் பணத்தைக் கொடுத்ததாகவே நீங்கள் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முயன்றால், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறியதாக நீங்களே ஒப்புக்கொண்டதாகும். அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்கு வரை போகலாம். சுங்கச் சட்டத்தில் மதிப்பைத் தவறாகச் சொன்ன சரக்கு பறிமுதலுக்கு உள்ளாகும். ஏய்த்த வரிக்கு நிகரான தண்டத்தொகையும் உண்டு. வேண்டுமென்றே மறைத்த வழக்குகளில் ஐந்து ஆண்டுகள் பின்னோக்கிப் போய்க் கேட்க முடியும். ஒரே காலத்தில் வந்த மற்றவர்களின் சரக்கு விலையை அதிகாரி கணினியில் ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்பதையும் மறக்காதீர்கள்.

கேட்டது 40 லட்சம், தேவை அதற்கும் மேல்

உங்கள் எண்களையே வைத்துக்கொள்கிறேன். சரக்கு மதிப்பு 36 லட்சம். அடிப்படைச் சுங்க வரி 7.5% என்றால் 2 லட்சத்து 70 ஆயிரம். அந்த வரியின்மேல் 10% சமூக நல மேல்வரி 27 ஆயிரம். இவை சேர்ந்த 38 லட்சத்து 97 ஆயிரத்தின்மேல் 18% ஐ.ஜி.எஸ்.டி., 7 லட்சத்து 1,460. ஆக மொத்தம் 45 லட்சத்து 98 ஆயிரத்து 460 ரூபாய். சுங்க ஏஜென்ட் கட்டணம், கிடங்கு வாடகை, லாரி எல்லாம் இனிமேல்தான். ஐ.ஜி.எஸ்.டி. பின்னால் ஈடாகும் என்றாலும் சரக்கை வெளியே எடுக்க அன்றைக்குக் கையில் பணம் வேண்டும். கடன் முழுவதும் கிடைத்தாலும் சரக்கு துறைமுகத்தைத் தாண்டாது.

45 நாள் நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தரவேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் உரியது. வியாபாரிகளுக்கு 2021 ஜூலையில் உத்யம் என்ற எம்.எஸ்.எம்.இ. பதிவு திறந்துவிடப்பட்டது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. வாங்கி விற்கும் கடைக்குத் தாமதப் பணச் சட்டம் துணை வராது. ஆம்பூர், வாணியம்பாடியில் 90 நாள், 120 நாள் கடன் வழக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50% வரி விதித்தபோது, இந்தப் பகுதி ஏற்றுமதியாளர்களின் ஆர்டர்கள் ஆட்டம் கண்டதைப் பார்த்தீர்கள். அவர்களுக்குப் பணம் வராவிட்டால் உங்களுக்கும் வராது. சரக்கு கிளம்பிய நாளிலிருந்து கடைசி டேனரி பணம் தரும்வரை ஏறக்குறைய ஆறு மாத வட்டியைக் கணக்கில் சேருங்கள்.

தவணை 90 நாள் நின்றால் வங்கி அதை வாராக்கடன் என்று வகைப்படுத்தும். சர்ஃபாசி சட்டத்தின்கீழ் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையைத் தொடங்கலாம். அதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக உங்களுக்கு இருப்பது 45 நாள். அம்மா வெறும் சாட்சியாகக் கையெழுத்துப் போடவில்லை. சொத்துக்காரராகவும் ஜாமீன்தாரராகவும் போடுகிறார். இதை அவருக்கு இதே தெளிவோடு யாராவது சொன்னார்களா? மகன் கேட்டதால் போடுகிற கையெழுத்தும் சட்டத்தில் முழுக் கையெழுத்துதான். பிணையில்லாக் கடனுக்கான உத்தரவாத நிதித் திட்டத்தில் உங்கள் கடைக்கு இடமுண்டா என்று வங்கியில் முதலில் கேளுங்கள். தொகை சிறியதாக இருக்கட்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்

இறக்குமதிக் குறியீட்டு எண்ணை இப்போதே வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் 500 ரூபாய், பான் எண்ணே குறியீட்டு எண். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை அதைப் புதுப்பித்து உறுதிசெய்ய வேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும். வங்கியின் ஏ.டி. குறியீட்டைச் (அந்நியச் செலாவணி கையாள அனுமதி பெற்ற வங்கிக் கிளையின் எண்) சுங்கத்தளத்தில் பதிவுசெய்யுங்கள்.

சரக்கைப் பொறுத்தவரை, குரோமை விட்டுவிட்டு ஒரே ஒரு சின்டானோடு தொடங்குங்கள். அதிலும் முதல் வேலை விற்பதல்ல. ஏற்றுமதி டேனரிகள் இன்று வெளிநாட்டு வாங்குவோரின் தடைப்பட்டியலுக்கு உட்பட்ட ரசாயனங்களை மட்டுமே உள்ளே விடுகின்றன. இசட்.டி.எச்.சி. (அபாயகர ரசாயனங்களைத் தவிர்ப்பதற்கான சர்வதேச அமைப்பு) பதிவு இல்லாத சின்டானை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அவர்களின் ஸ்டோர் கீப்பர் பதிவேட்டில் ஏற்ற மாட்டார். தோல் பொருளில் குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பிஸ்பீனால்கள், குறுஞ்சங்கிலிக் குளோரினேற்ற பாரஃபின்கள் பற்றியும் வெளிநாட்டு வாங்குவோர் கேட்கிறார்கள். ஒரு தவறான மூட்டை டேனரியின் ஒரு லாட் முழுவதையும் திருப்பி அனுப்ப வைத்தால், நஷ்டத்தை உங்கள்மேல்தான் கட்டுவார்கள். ஆகவே முதலில் 25 கிலோ மாதிரி வாங்குங்கள். அப்பாவுக்கு நெருக்கமான இரண்டு டேனரிகளில் சோதனை டிரம்மில் போட்டு கிரஸ்ட் வரை பாருங்கள். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதனை அறிக்கை எடுங்கள்.

பிறகு, முழுக் கன்டெய்னரை நீங்களே சுமக்காமல், ஏற்கெனவே இறக்குமதி செய்யும் சென்னை வியாபாரி ஒருவரிடம் ஐந்து டன் கேட்கலாம். கப்பலில் வரும்போதே கைமாறும் ஹை சீஸ் விற்பனையும் சட்டத்துக்கு உட்பட்டதே. சொந்தமாகக் கொண்டுவந்தால் சுங்கப் பிணைக் கிடங்கில் வைத்து, விற்கும் அளவுக்கு மட்டும் வரி கட்டி எடுக்கும் வசதி உண்டு. வரியைப்போல் மூன்று மடங்குக்குப் பிணைப்பத்திரம் கேட்பார்கள், 90 நாளுக்குப் பிறகு வட்டி ஓடும். உங்கள் பணச்சுழற்சிக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் அப்பாவின் ஏஜென்சி ஒப்பந்தத்தைப் படியுங்கள். போட்டிப் பொருளை விற்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தால், உங்கள் முதல் மூட்டை கடையில் இறங்கிய அன்றே ஏஜென்சி போகலாம். அவருக்குப் பிடிக்காததன் காரணம் இதுவாகவும் இருக்கலாம். தனி நிறுவனம் தொடங்கினாலும் அதே கடை, அதே விற்பனையாள் என்றால் நிபந்தனை மீறல் என்று வாதிட இடமிருக்கும்.

விற்பனையாளருக்கு மாத முடிவு வரை காத்திராமல் இப்படி எழுதுங்கள்: முழு விலையும் பில்லில் இருக்க வேண்டும். பணம் வங்கி வழியாக, எல்.சி. (வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) மூலம் மட்டுமே. கப்பலேறும் முன் மூன்றாம் தரப்புப் பரிசோதனைச் சான்று வேண்டும், அதை எல்.சி. நிபந்தனையிலேயே சேர்ப்போம். (வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல. எல்.சி. இருந்தாலே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.) தொழில்நுட்பத் தாள், பாதுகாப்புத் தாள், சி.ஏ.எஸ். எண், லாட் வாரியான பகுப்பாய்வுச் சான்று, இசட்.டி.எச்.சி. பதிவு விவரம், 25 கிலோ மாதிரி ஆகியவற்றை முதலில் அனுப்பவும்.

உண்மையான உற்பத்தியாளர் என்றால் இந்தத் தாள்கள் அவரிடம் தயாராக இருக்கும், ஒரு வாரத்தில் அனுப்பிவிடுவார். முன்பணத்தைப் பற்றியே மீண்டும் பேசினால் அவரை விட்டுவிடுங்கள். தாள்கள் வந்தால், ஒப்பந்த நகலையும் எடுத்துக்கொண்டு, சுங்க வழக்குகள் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். வீட்டுப் பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.